டிசிசி லோகோவில் ரிமோட் அன்கப்ளர்: காயில் கருகாமல் வயரிங் செய்ய ஒரு முழு வழிகாட்டி

மேட்டுப்பாளையம் மாதிரி லைன் முடிந்துபோகிற ஒரு ஸ்டேஷனை எச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவுள்ள மாடல் ரயிலாக, மேசை மேல் கட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். ரயில் வந்து நின்றதோடு சோலி முடியாது. என்ஜினைக் கழற்றி, பக்கத்து லைன் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டினால்தான் ரயில் கோவை பக்கம் திரும்பும். நிஜ ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் இறங்கிக் கப்ளிங்கைக் கழற்றுவார். மேசையில் நம் கை உள்ளே போய், சிக்னல் கம்பத்தைச் சாய்த்து, ஒரு பெட்டியையும் தடம் புரட்டிவிட்டுத்தான் வெளியே வரும். தண்டவாளத்துக்கு நடுவே காந்தம் புதைத்துக் கழற்றும் முறை உண்டுதான், ஆனால் அது காந்தம் இருக்கிற இடத்தில் மட்டுமே வேலை செய்யும், சில நேரம் வேண்டாத நேரத்தில் தானாகவே கழன்றும் தொலைக்கும்.

டிசிசி என்பது தண்டவாளத்தின் வழியாகவே ஒவ்வொரு லோகோவுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை, அந்தக் கட்டளையைப் படிக்க லோகோவுக்குள் இருக்கும் சின்ன போர்டுதான் டிகோடர். லோகோவின் கப்ளரிலேயே ஒரு குட்டிக் காயிலோ சர்வோவோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் குட்டி மோட்டார்) வைத்து, டிகோடரில் சும்மா கிடக்கும் ஒரு ஃபங்ஷன் அவுட்புட்டில், அதாவது விளக்கு மாதிரி கூடுதல் வேலைகளுக்கான இணைப்பில், இணைத்துவிட்டால், த்ராட்டிலில் (கையில் பிடிக்கும் கண்ட்ரோலரில்) ஒரு பட்டனை அழுத்தி லைனில் எங்கே வேண்டுமானாலும் கழற்றலாம். வயரிங் என்று பார்த்தால் ஒரு கப்ளருக்கு இரண்டே வயர்தான். பிறகு ஏன் இத்தனை பேருடைய காயில் கருகுகிறது என்றால், வேலையின் வரிசை தப்புவதால். முதலில் சாலிடர் வைத்துவிட்டு அப்புறம் நிதானமாக டிகோடர் செட்டிங் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், அந்த இடைவெளியில் ஒரு தடவை பட்டன் தெரியாமல் ஆன் ஆனாலே போதும், கதை முடிந்தது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே வரிசைதான்: அளந்து பார், டிகோடரைச் செட் செய், பொம்மை லோடு போட்டுச் சோதி, கடைசியில் மட்டும் காயிலைத் தொடு.

எந்த வகை கப்ளர்

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ரெடிமேடாக வரும் காயில் கப்ளர். ஆஸ்திரியாவின் குரோய்ஸ், ரோகோ இரண்டும் இதில் தெரிந்த பெயர்கள். இவை என்இஎம் 362 என்ற ஐரோப்பியத் தரத்தில் வரும் கப்ளர் பாக்கெட்டில் நேராகச் செருகிக்கொள்ளும், பின்னாலிருந்து முடி மாதிரி இரண்டு வயர் வரும். மார்க்லினின் டெலெக்ஸ் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் வகை, அதை நாம் வயரிங் செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. இரண்டாவது வழி, கேடீ மாதிரி நக்கிள் கப்ளரை, அதாவது மடக்கிய விரல் போலப் பிடித்துக்கொள்ளும் வகையை, ஒரு குட்டி சர்வோவால் இழுத்துத் திறப்பது. நம் ஊர் டீசல், எலக்ட்ரிக் லோகோக்களில் இருக்கும் சென்டர் பஃபர் கப்ளருக்கு நக்கிள்தான் பார்வைக்கு நெருக்கம் என்பதால், இந்திய ரயில் மாடல் செய்பவர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் முதல் லோகோவுக்குக் காயில் வகையே போதும் என்பது என் கருத்து. சர்வோ வேலையில் மெக்கானிக் வேலை ஜாஸ்தி, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

ஒரு நல்ல விஷயம், காயில் லோகோ பக்கம் மட்டும் இருந்தால் போதும். பெட்டிகளில் வழக்கமான லூப் கப்ளர் இருந்தாலே கழன்றுவிடும், ரேக் (பெட்டித் தொடர்) முழுக்கச் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் குறிப்பிட்ட கப்ளர் எந்த வகை லூப்போடு சேரும் என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மீட்டரை எடுங்கள்

காயிலின் இரண்டு வயரையும் மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து உங்கள் தண்டவாளத்தில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். எச்ஓ-வில் சாதாரணமாக 14 முதல் 16 வோல்ட் வரை இருக்கும். ஆர்டுயினோ மெகாவும் மோட்டார் ஷீல்டும் வைத்து டிசிசி-இஎக்ஸ், அதாவது நாமே கட்டிக்கொள்ளும் டிசிசி கண்ட்ரோல் ஸ்டேஷன், ஓட்டுபவர்களுக்கு, ஷீல்டில் உள்ள எல்298 சிப்பே சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடுவதால், சப்ளையைவிட அவ்வளவு குறைவாகத்தான் தண்டவாளத்துக்கு வரும். டிகோடருக்குள் இருக்கும் ரெக்டிஃபையரில் இன்னும் ஒன்றரை வோல்ட் போல இறங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்டவாளத்தில் 15 வோல்ட், டிகோடரில் 1.5 கழிந்து 13.5. காயில் 90 ஓம் என்றால் 13.5 வகுத்தல் 90, 0.15 ஆம்பியர், அதாவது 150 மில்லிஆம்பியர். டிகோடர் அவுட்புட் பெரும்பாலும் இதைத் தாங்கும், ஈஎஸ்யூ லோக்பைலட் 5 மாதிரி எச்ஓ டிகோடரில் ஒரு அவுட்புட்டுக்கு 250 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம். ஆக டிகோடருக்குப் பிரச்சினை இல்லை. இப்போது காயில் பக்கம் பாருங்கள்: 13.5 பெருக்கல் 0.15, ஏறக்குறைய 2 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் சாதாரண ரெசிஸ்டர் கால் வாட், அது நம் காயிலைவிடப் பெரிதாகவே இருக்கும். அது தாங்கும் சூட்டை எட்டு மடங்காக்கி, அதைவிடச் சின்ன ஒரு பொருளுக்குள் அடைக்கிறோம். ஒரு விநாடிக்குத் தாங்கும், இரண்டுக்கும் தாங்கலாம். நிமிடக் கணக்கில் தாங்காது.

ஆவாரம்பாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இப்படியொரு காயிலைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் போர்வெல் மோட்டார் ஸ்டேட்டர்கள், அவருக்குக் காயில் என்றால் கிலோ கணக்கு. “ஏனுங்க தம்பி, இதையெல்லாம் எதுல வெச்சுச் சுத்தறாங்க?” என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும், “கரண்ட்டுல காயில் சாகறதில்லீங்க, சூட்டுலதான் சாகும். வார்னிஷ் வாசம் வந்துச்சுன்னா அப்புறம் நீங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்று காயிலை என் உள்ளங்கையில் வைத்தார். பம்பு மோட்டாருக்கு எது உண்மையோ அதுதான் இதற்கும்.

வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகும் என்பதும் இதே கணக்கில் வரும். காயிலின் இழுவை கிட்டத்தட்ட கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16 வோல்ட்டில் சுறுசுறுப்பாகத் தூக்கும் கப்ளர், 12 வோல்ட் தண்டவாளத்தில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகமான பலத்தில்தான் இழுக்கும். டிசிசி-இஎக்ஸ் வைத்திருப்பவர்கள் “கப்ளர் மக்கர்” என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

டிகோடரில் எங்கே இணைப்பது

வயர் நிறங்களை அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ வரையறுத்திருக்கிறது, நல்ல டிகோடர் எல்லாம் அதைப் பின்பற்றும். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து வருவது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு. நமக்கு வேண்டியது நீலம், பச்சை, ஊதா. நீலம் பொதுவான பாசிட்டிவ். பச்சை முதல் ஆக்ஸ் (கூடுதல்) அவுட்புட், ஊதா இரண்டாவது. ஃபங்ஷன் அவுட்புட் கரண்ட்டை வெளியே தள்ளுவதில்லை, நெகட்டிவ் பக்கத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச் மாதிரிதான் செயல்படுகிறது. எனவே காயிலின் ஒரு வயர் நீலத்துக்கு, மற்றொன்று பச்சைக்கு. பின்பக்கக் கப்ளர் இருந்தால் அதில் ஒன்று அதே நீலத்துக்கு, மற்றொன்று ஊதாவுக்கு. வெறும் காயிலுக்கு எந்த வயர் எங்கே என்ற பேதமில்லை. உள்ளே டயோடோ நிரந்தரக் காந்தமோ இருக்கும் வகை என்றால் போலாரிட்டி பார்க்க வேண்டும், கூட வரும் தாளில் இருக்கும்.

சாக்கெட் உள்ள லோகோ என்றால் கொஞ்சம் கவனம். என்இஎம் 651, அதாவது 6 பின் சாக்கெட்டில் நீலமே கிடையாது; மோட்டார், தண்டவாளம், இரண்டு விளக்கு, அவ்வளவுதான். அதில் தனி வயர் இழுக்க வேண்டும். என்இஎம் 652, 8 பின் சாக்கெட்டில் 7-ஆம் பின் நீலம், 3-ஆம் பின் பச்சை. ஊதாவுக்கு இடமில்லை, அது டிகோடரிலிருந்து தனியாகத் தொங்கும். நிறையப் பேர் அதை வெட்டி எறிந்துவிட்டு அப்புறம் தேடுவார்கள், வெட்டாதீர்கள்.

21 பின் எம்டிசி சாக்கெட்டில் 16-ஆம் பின் பாசிட்டிவ், 15 முதல் ஆக்ஸ், 14 இரண்டாவது ஆக்ஸ். 13-லும் 4-லும் மூன்றாவது நான்காவது ஆக்ஸ் இருக்கிறதே என்று அங்கே கை வைக்க வேண்டாம். வரையறைப்படி அவை லாஜிக் லெவல் அவுட்புட், மைக்ரோகண்ட்ரோலரின் கால்கள் அப்படியே வெளியே வருகிற மாதிரி. லோகோவின் போர்டில் அவற்றுக்கு ட்ரான்சிஸ்டர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் காயிலை நேராகப் போடுவது டிகோடரையே பலி கொடுப்பது. முதல் இரண்டு ஆக்ஸ் காலியாக இல்லையென்றால், கேப் லைட் (டிரைவர் அறை விளக்கு) மாதிரி எதையாவது வேறு அவுட்புட்டுக்கு மாற்றிவிட்டு அவற்றைக் காலி செய்யுங்கள்.

நீலகிரி மலை ரயில் செய்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை என்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்றுதான் பெட்டிகளைத் தள்ளும், அதனால் மேட்டுப் பக்கக் கப்ளருக்கு மட்டும் காயில் வைத்தால் போதும், ஒரே அவுட்புட்டில் வேலை முடிந்துவிடும். 12 மில்லிமீட்டர் கேஜ் லோகோவுக்குள் இடமும் அவ்வளவுதான் இருக்கும்.

இப்போது சிவி, இன்னும் காயில் இல்லை

சிவி என்பது டிகோடருக்குள் எண் போட்டு வைத்திருக்கும் ஒவ்வொரு செட்டிங். லோகோவை ப்ரோகிராமிங் ட்ராக்கில், அதாவது சிவி எழுதுவதற்கான தனித் தண்டவாளத்தில், வையுங்கள், ஜேஎம்ஆர்ஐ-யின் டிகோடர்ப்ரோ இருந்தால் வேலை சுலபம், அது இலவச மென்பொருள். செய்ய வேண்டியது இரண்டு. எந்தப் பட்டன் எந்த அவுட்புட் என்று சொல்வது முதலாவது. அந்த அவுட்புட் எவ்வளவு நேரம் முழுப் பலத்தோடு இருக்கலாம் என்று சொல்வது இரண்டாவது. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் செய்பவர்கள்தான் காயிலை எரிப்பவர்கள்.

பட்டன் ஒதுக்குவதற்கு என்எம்ஆர்ஏ முறைப்படி சிவி 33 முதல் 46 வரை. சிவி 35 என்பது எஃப்1 பட்டன், அதில் 4 எழுதினால் பச்சை வயர். சிவி 36 எஃப்2, அதில் 8 எழுதினால் ஊதா. சவுண்ட் டிகோடர் என்றால் எஃப்1, எஃப்2 இரண்டும் என்ஜின் சத்தத்துக்கும் ஹாரனுக்கும் போயிருக்கும், வேறு பட்டன் பாருங்கள். ஹாரனுக்குப் பக்கத்துப் பட்டனை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், ஓடும் ரயிலை அறுத்துவிடுவீர்கள்.

நேரக் கட்டுப்பாடு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. ஸிமோவில் முதலில் அவுட்புட்டின் எஃபெக்ட் சிவி-யில் 48 எழுத வேண்டும், பச்சைக்கு சிவி 127, ஊதாவுக்கு சிவி 128. அப்புறம் சிவி 115. அதன் பத்தாம் இடம் முழு வோல்டேஜ் எவ்வளவு நேரம் என்பது, ஒன்றாம் இடம் அதற்கப்புறம் எத்தனை சதவீதத்தில் பிடித்து வைப்பது என்பது. பத்தாம் இடத்து எண் அப்படியே விநாடி அல்ல. 1 முதல் 9 வரை முறையே 0.1, 0.2, 0.4, 0.8, 1, 2, 3, 4, 5 விநாடி. குரோய்ஸ் கப்ளருக்கு 60, 70, 80 இவற்றில் ஒன்றை ஸிமோவே பரிந்துரைக்கிறது. அதாவது 2, 3 அல்லது 4 விநாடி முழு வோல்டேஜ், அப்புறம் பூஜ்ஜியம். ரோகோ வகைக்குத்தான் பிடித்து வைக்கும் வோல்டேஜ் பயன்படும். 43 என்று எழுதினால் 0.8 விநாடி முழுதாக இழுத்து, பிறகு 30 சதவீதத்தில் நிறுத்தும். நான் எப்போதும் குறைந்த எண்ணிலிருந்து தொடங்குவேன், திறக்கவில்லை என்றால் கூட்டிக்கொள்ளலாம், கருகினால் குறைத்துப் பிரயோஜனமில்லை.

ஈஎஸ்யூ-வில் அவுட்புட்டின் வகையைக் கப்ளர் என்று மாற்றும் வசதி இருக்கிறது, லோக்ப்ரோகிராமர் (ஈஎஸ்யூ-வின் ப்ரோகிராமிங் கருவி) வைத்திருந்தால் திரையில் இழுத்து விடலாம். வேறு மலிவான டிகோடர் எதிலாவது இந்த வசதியே இல்லை என்றால்? அப்போது பட்டனை அழுத்தியிருக்கும் வரை மட்டும் ஆன் ஆகும்படி த்ராட்டிலில் மாற்றலாம், ஜேஎம்ஆர்ஐ-யில் அந்தப் பட்டனுக்கு லாக் ஆகும் டிக்கை எடுத்துவிட்டால் போதும். ஆனால் அது அரைப் பாதுகாப்புதான். ஆஃப் என்ற தகவல் போவதற்குள் வைஃபை அறுந்து ஃபோன் த்ராட்டில் உறைந்துபோனால் காயில் ஆனிலேயே நிற்கும். என்னைக் கேட்டால், நேரக் கட்டுப்பாடு இல்லாத டிகோடரில் காயில் கப்ளரே வேண்டாம்.

பொம்மை லோடு

காயில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எல்இடி-யும் 1 கிலோஓம் ரெசிஸ்டரும் தொடராக வையுங்கள், எல்இடி-யின் நீளக் கால் நீலம் பக்கம். பட்டனை அழுத்தி அப்படியே விட்டுவிடுங்கள், ஆஃப் செய்யாதீர்கள். எல்இடி நீங்கள் எழுதிய விநாடிக்குப் பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கவோ அணையவோ வேண்டும். பட்டன் ஆனிலேயே இருந்தும் அது அணைகிறதா என்பதுதான் பரீட்சை. லோகோவை முன்னும் பின்னும் திசை மாற்றி மறுக்கா பாருங்கள். தண்டவாள மின்சாரத்தை நிறுத்திப் போட்டுப் பாருங்கள், பட்டன் ஆனில் இருக்கும்போது கரண்ட் போய் வந்தால் சில டிகோடர் முழு நேரத்தையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அழுக்குத் தண்டவாளத்தில் இது அடிக்கடி நடந்தால் காயிலுக்கு ஓய்வே கிடைக்காது. அதனால்தான் கழன்றதும் பட்டனை ஆஃப் செய்துவிடும் பழக்கம் நல்லது. முன்பக்க எல்இடி-யும் பின்பக்க எல்இடி-யும் ஒட்டுக்கா எரிந்தால் பட்டன் ஒதுக்கீட்டில் கோளாறு, இப்போதே சரி செய்யுங்கள்.

சாலிடரிங், வயர் பாதை

காயில் வயர் முறிந்துபோவது எரிவதைவிடச் சாதாரணமாக நடப்பது. கப்ளர் பாக்கெட் வளைவில் இடமும் வலமும் ஆடும், கூடவே வயரும் ஆடும், ஒரே இடத்தில் மடங்கி மடங்கி ஒருநாள் உள்ளுக்குள் அறுந்துபோகும். அதனால் கப்ளருக்கும் லோகோ உடம்புக்கும் நடுவில் ஒரு தளர்வான வளையம் விடுங்கள், வயர் மடங்காமல் முறுக்கிக்கொள்கிற மாதிரி. இந்த ஆடும் பகுதிக்குள் எந்த சாலிடர் மூட்டும் வரக்கூடாது. சாலிடர் ஏறிய வயர் விறைத்துவிடும், முறிவது அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான். லோகோ தரைத்தட்டின் உட்புறத்தில் இரண்டு செம்புத் திட்டு உள்ள ஒரு சின்ன பிசிபி துண்டை ஒட்டி, காயில் வயரை அங்கே முடியுங்கள். அங்கிருந்து டிகோடர் வரை நல்ல மெல்லிய சிலிகான் வயர் போகட்டும். கப்ளர் கெட்டால் அந்தத் திட்டில் மட்டும் கழற்றி மாட்டினால் போதும், டிகோடர் பக்கம் போக வேண்டாம்.

மேலே பிளாஸ்டிக் இல்லாத எனாமல் வயர் என்றால், எனாமல் போகாமல் சாலிடர் பிடிக்காது. பாலியூரித்தேன் எனாமல் இரும்பின் சூட்டில் தானே கருகி விலகும். சாலிடர் ஒரு துளியை இரும்பு முனையில் வைத்து, வயர் நுனியை அந்தத் துளிக்குள் சில விநாடி முக்கினால் வெள்ளியாக வெளியே வரும். வைண்டிங் கடைகளில் மோட்டாருக்கு விற்கும் கம்பியின் எனாமல் இந்தச் சூட்டுக்கு அசையாது, பிளேடால் சுரண்டத்தான் வேண்டும். சொந்தமாகக் காயில் சுற்ற ஆசைப்படுபவர்கள் கம்பி வாங்கும்போதே இதை யோசியுங்கள். சாலிடரிங்குக்கு 25 வாட் இரும்பு, கூர்முனை, மெல்லிய 60/40 ஈயம். சாலிடர் வைத்ததும் ஹீட் ஷ்ரிங்க். சேஸிஸ் உலோகம் என்றால் வயர் போகும் பாதை முழுக்க காப்டான் டேப் ஒட்டுங்கள், நீல வயர் சேஸிஸில் பட்டால் டிகோடர் அங்கேயே காலி.

காயிலை நிறுத்தும் நொடியில் அது எதிர்த்திசையில் ஒரு வோல்டேஜை உதைக்கும். பல நல்ல டிகோடர்கள் இதற்கு உள்ளேயே பாதுகாப்பு வைத்திருக்கின்றன. உங்களுடையதில் இருக்கிறதா என்று மேனுவலில் தெளிவாக இல்லை என்றால் யோசிக்காமல் ஒரு 1என்4148 டயோடைக் காயிலுக்குக் குறுக்கே போட்டுவிடுங்கள், கோடு போட்ட முனை நீலத்துக்கு. திருப்பிப் போட்டால் அது நீலத்தையும் பச்சையையும் நேராக இணைத்துவிடும், அவுட்புட் போய்விடும். அந்த பிசிபி துண்டின் மேலேயே இதற்கு இடம் இருக்கும்.

முதல் ஓட்டம்

லோகோவை மேல்மூடி இல்லாமல் தண்டவாளத்தில் வைத்து, பெட்டி எதுவும் மாட்டாமல் பட்டனை அழுத்துங்கள். “டக்” என்று ஒரு சின்னச் சத்தம், கப்ளர் அசைந்து திரும்ப வேண்டும். விரல் நுனியால் காயிலைத் தொட்டுப் பாருங்கள், லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை, விரலை எடுக்க வைத்தால் சிவி-யில் நேரத்தைக் குறையுங்கள். அடுத்தடுத்து அழுத்திப் பார்க்கும் ஆசை வரும், நண்பர்கள் வந்தால் இன்னும் ஜாஸ்தி வரும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நடுவில் ஆறவிடுங்கள், ஏனென்றால் டிகோடரின் நேரக் கணக்குக்கு முந்தைய அழுத்தலின் சூடு தெரியாது.

பெட்டி மாட்டியதும் பலருக்கு ஏமாற்றம் காத்திருக்கும். சும்மா நிற்கும்போது டக் என்று திறந்த கப்ளர், ரேக் பின்னால் இழுத்துக்கொண்டு நிற்கும்போது அசையவே அசையாது. காயிலில் குற்றமில்லை. கப்ளர் இரண்டும் இறுகி நிற்கும்போது உராய்வை மீறி அதைத் தூக்கும் பலம் இந்தக் காயிலுக்கு இல்லை. நிஜ ரயிலிலும் இதே கதைதான், லோகோ பைலட் கொஞ்சம் பின்னால் அழுத்திக் கொடுத்தால்தான் பாயிண்ட்ஸ்மேனால் கப்ளிங்கை விடுவிக்க முடியும். நாமும் அதையே செய்ய வேண்டும்: லேசாகப் பின்னால் அழுத்து, கப்ளரைத் திற, திறந்திருக்கும்போதே முன்னால் நகர்.

கையால் செய்யலாம், ஆனால் டிகோடரே செய்தால் அழகு. ஸிமோவில் சிவி 116. நூறாம் இடத்தில் 1 என்றால் முதலில் பின்னால் அழுத்தும், பத்தாம் இடம் விலகிப்போகும் நேரம், சிவி 115-இல் பார்த்த அதே விநாடி வரிசை. ஒன்றாம் இடத்தை நான்கால் பெருக்கினால் வேகம். 155 என்றால் அழுத்திவிட்டு ஒரு விநாடி, உள் வேகம் 20-இல் விலகும். லோகோ நிற்கும்போது மட்டும்தான் இது வேலை செய்யும், ஓடும்போது பட்டன் பட்டாலும் இந்த ஆட்டம் தொடங்காது. ஈஎஸ்யூ-வில் சிவி 246 வேகம், 247 விலகும் நேரம், 248 அழுத்தும் நேரம்; 246-இல் பூஜ்ஜியம் என்றால் ஆட்டமே கிடையாது. எந்த எண் சரி என்பது லோகோவின் கியரையும் எடையையும் பொறுத்தது. விலகும் தூரம் ஒரு விரல் அகலம் இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் பார்க்க அசிங்கமாக இருக்கும். ஒன்று மட்டும் சரியாக அமைய வேண்டும்: காயில் முழு வோல்டேஜில் இருக்கும் நேரத்துக்குள்ளேயே லோகோ விலகத் தொடங்கிவிட வேண்டும். சிவி 115-இல் 0.4 விநாடி வைத்துவிட்டு, லோகோ மெதுவாக யோசித்துக் கிளம்பினால் கப்ளர் திரும்ப மூடிக்கொள்ளும், பெட்டியும் கூடவே வரும்.

நக்கிள் கப்ளரும் சர்வோவும்

கேடீ கப்ளரின் அடியில் தொங்கும் வளைந்த கம்பி, அதாவது ட்ரிப் பின், நக்கிளோடு சேர்ந்தது. பக்கவாட்டில் இழுத்தால் நக்கிள் திறக்கும், காந்தம் செய்வதும் அதைத்தான். நாம் காந்தத்துக்குப் பதில் நூல் போடுகிறோம். நல்ல பாலியஸ்டர் தையல் நூல் போதும், திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு அதைத் தேடிப் போகவே வேண்டாம். பின்னில் முடிந்து, பஃபர் பீமில் ஒட்டிய ஒரு சின்னக் கம்பி வளையத்தின் வழியாகத் திருப்பி, உள்ளே சர்வோ கையில் கட்டுங்கள். கப்ளர் முழுதாக இடமும் வலமும் ஆடும்போது நூல் தளர்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் தானாகத் திறக்கும்.

மின்சாரப் பக்கம், சர்வோவுக்கு 5 வோல்ட் வேண்டும். நீலத்தில் இருப்பது 13, 14 வோல்ட், நேராகக் கொடுத்தால் சர்வோ புகைந்துவிடும். 78எல்05 ரெகுலேட்டர் 100 மில்லிஆம்பியர்தான் தரும், சர்வோ கிளம்பும் கணத்தில் அது பத்தாது. வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஒரு குட்டி பக் கன்வர்ட்டரும் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டரும் வையுங்கள். சிக்னல் வயருக்கு டிகோடரில் சர்வோ அவுட்புட் இருக்க வேண்டும், முன்னே வேண்டாம் என்ற லாஜிக் லெவல் கால்கள் பல டிகோடர்களில் இதற்குத்தான் உதவும். சர்வோவின் நெகட்டிவ் டிகோடரின் கிரவுண்டுக்குப் போக வேண்டும். எம்டிசி-யில் அது 20-ஆம் பின், மற்றவற்றில் டிகோடர் மேல் ஒரு சாலிடர் திட்டு. தண்டவாளத்தின் கறுப்பு வயரை கிரவுண்டு என்று நினைத்து அதில் போட்டால் ரெக்டிஃபையரின் ஒரு பாதியை ஷார்ட் செய்தது மாதிரி ஆகும், டிகோடர் மிஞ்சாது. சர்வோவின் நல்ல குணம், மாட்டிக்கொண்டு திணறாதவரை காயில் மாதிரி சூடாவதில்லை. அதனால் கடைசி நிலையில் நூல் விண்ணென்று இழுத்துக்கொண்டே நிற்காதபடி கோணத்தை ஒரு பொட்டுக் குறைத்து வையுங்கள்.

கோளாறு வந்தால்

பட்டனை அழுத்தியதும் லோகோவே ஒரு கணம் செத்துப் பிழைத்தால், காயில் இழுக்கும்போது வோல்டேஜ் இறங்குகிறது. சக்கரத்தையும் தண்டவாளத்தையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள், அப்புறமும் இருந்தால் டிகோடருக்கு ஏற்ற ஸ்டே அலைவ் கெப்பாசிட்டர், அதாவது மின்சாரம் ஒரு கணம் போனாலும் தாங்கிப்பிடிக்கும் கெப்பாசிட்டர். ஒரு திசையில் மட்டும் திறந்தால் பட்டன் ஒதுக்கீடு திசையோடு கட்டப்பட்டிருக்கிறது. காயில் முனகினால் அது பிடித்து வைக்கும் வோல்டேஜின் பல்ஸ் சத்தம், கெடுதல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை என்றால் மறுபடி மீட்டர்: பழைய ஓம் எண் இருந்தால் காயில் நலம், பிசிபி திட்டுக்கு அப்பால் தேடுங்கள், எண்ணே வரவில்லை என்றால் வயர் முறிவு, எண் வெகுவாகக் குறைந்திருந்தால் உள்ளே எனாமல் கருகி சுற்றுகள் ஒட்டிக்கொண்டன, புதுசு வாங்குங்கள்.

இரண்டு லோகோவைச் சேர்த்து ஓட்டும்போது சிவி 21-ஐப் பாருங்கள், சேர்த்து ஓட்டும் முகவரிக்கு எஃப்1 முதல் எஃப்8 வரை எது பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே இருக்கிறது. அன்கப்ளர் பட்டனுக்குரிய பிட் பூஜ்ஜியமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முன் லோகோவைக் கழற்ற அழுத்தும்போது பின் லோகோவும் எதையாவது கழற்றும்.

கடைசியாக, திறந்த கப்ளர் மூடாமல் நிற்பது. இதற்கு நம் பக்கத்தில் காரணம் பெரும்பாலும் பஞ்சு. கோவை, திருப்பூர், பல்லடம் பக்கம் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ அருகில் வீடு இருந்தால் காற்றிலேயே மெல்லிய இழை மிதந்து வரும், அது கப்ளர் கீலில் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஊசி முனையால் எடுத்துவிடுங்கள். எண்ணெய் போட வேண்டாம், எண்ணெய் இன்னும் பஞ்சைத்தான் பிடித்து வைக்கும். தேவையென்றால் கிராஃபைட் பொடி துளி, அதுவும் வயர் மூட்டுகளின் பக்கம் போகாமல், ஏனென்றால் கிராஃபைட் மின்சாரம் கடத்தும்.